ரோட்டில் கிடந்த கொள்ளு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் வேலை. ஊருக்குக் கடிதம் எழுதினால்கூட ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்கு மேல் என் பேனா ஓடாது. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவன், இத்தனை பேர் படிக்கிற பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் போன மாதம் இதே பகுதியில், வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாசகி, பனி உறைந்து கிடந்த ரோட்டில் தன் கார் வழுக்கியதையும் தான் பிழைத்ததையும் எழுதியிருந்தார். அதைப் படித்த என் மனைவி, “உங்க கதையும் இதுதானே, நீங்களும் எழுதுங்க” என்றாள்.

எங்கள் பக்கம் பனி உறையாது. ஆனால் கார் வழுக்கும். அன்றைக்கு வழுக்க வைத்தவனே நான்தான்.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, தை மாதம். எங்கள் ஊர், தேவதானத்துக்கும் சேத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அப்பாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில் இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை விழுந்து, மாட்டுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாத நிலைக்கு வந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் காட்டி ஆபரேஷன் செய்தோம். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். தையல் போட்டு, கட்டுப் போட்டு, எட்டு நாள் படுக்க வைத்திருந்தார்கள். தும்மக் கூடாது, இருமக் கூடாது, குனியக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

“செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. பாத்துட்டுக் கட்டை எடுத்துடலாம். பஸ்ல வேண்டாம், கார் வச்சுக்கோங்க. தலை குலுங்கி உள்ளே ரத்தம் கசிஞ்சா அப்புறம் என் கையில இல்ல. அவருக்கு இருக்கிறது இந்த ஒண்ணுதான், ஞாபகம் இருக்கட்டும்.”

ஞாபகம் இருந்தது. காரும் பேசிவிட்டேன். தேவதானத்தில் ஒரு முதலாளியின் கார். அதன் டிரைவர் ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். காரோடு தேவதானத்திலேயே தங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை விடிகாலையில் வந்துவிடுவதாகச் சொன்னார்.

இனி என் கொள்ளுக்கு வருகிறேன்.

எங்களுக்குக் கண்மாய்க்கு மேற்கே ஒரு துண்டு மானாவாரி நிலம் உண்டு. அந்த வருஷம் கொள்ளு விதைத்திருந்தோம். தை மாதம் ஊர்க் களம் முழுக்க நெல்தான் கிடக்கும். கொள்ளும் துவரையும் போட்டவர்களுக்கு அங்கே இடம் கிடைக்காது. நாங்கள் தார் ரோட்டைத்தான் நம்பினோம். பிடுங்கிக் காயவைத்த செடியை ரோட்டில் பாதி அகலத்துக்குப் பரப்பிவிடுவோம். வருகிற பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறிப் போகப் போக, நெற்று வெடித்துக் கொள்ளு உதிர்ந்துவிடும். வண்டிக்காரர்கள் விலகிப் போய்விடக் கூடாதே என்று, மறுபாதி ரோட்டில் நாலைந்து கல்லை வரிசையாக வைப்போம். இது தப்புதான். ஆனால் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது. அப்பாவும் செய்வார். அவர் ஒரு கண்டிப்பு மட்டும் வைத்திருந்தார். செடி ரோட்டில் கிடக்கிற வரைக்கும் ஆளும் அங்கேயே நிற்கவேண்டும். பொழுது சாய்வதற்குள் செடியை ஓரத்தில் ஒதுக்கி, உதிர்ந்த கொள்ளைக் கூட்டி அள்ளி, கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

அந்த வருஷம் அப்பா படுக்கையில். வேலை என் தலையில். திங்கள்கிழமை காலையில் கண்மாய் வளைவில் செடியைப் பரப்பினேன், கல்லை வைத்தேன், கவைக்கம்பால் இரண்டு மூன்று தடவை புரட்டியும் விட்டேன். அன்றைக்கென்று வண்டிகள் குறைவு. எனக்கு மில்லில் மாலை ஷிப்ட். கிளம்பும் நேரம் ஆகியும் பாதி நெற்று உடையவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். “அண்ணே, பொழுதடையச் செத்த ஒதுக்கி வச்சிருங்க” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சந்தோஷமாகச் செய்திருப்பார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன், சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன். ஷிப்ட் முடிந்து அதே வழியாகத்தான் வந்தேன். செடி பனியில் நனைந்து கிடந்தது. ஈரச்செடியை இனி எங்கே அள்ளுவது, காலையில் அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

விடிகாலையில் கார் வந்தது. பின் சீட்டில் அப்பாவைப் படுக்க வைத்தோம். அவர் தலையை அம்மா தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். வெளியே ஒரே பனிமூட்டம். விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார் டிரைவர்.

“பெரியவரே, நிதானங்கா போறேன். எங்கேயாச்சும் குலுங்குச்சுன்னா சொல்லுங்க” என்றார், வீட்டுத் தெலுங்கு கலந்து.

“எனக்கு இருக்கது ஒண்ணு, அதையும் கட்டி வச்சிருக்கான். நீயாவது ரெண்டையும் தொறந்து வச்சு ஓட்டு தம்பி” என்றார் அப்பா.

“வேணும்னா ஒண்ண உங்களுக்கு வாடகைக்குத் தாரேன்.”

“வாடகைக் காருக்கு வாடகைக் கண்ணா? நல்ல சேர்மானம்தான்.”

“ஏங்க, பேசாதிய. தலை ஆடுதுல்லா” என்று அம்மா அதட்டினாள்.

சின்னப் பாலம் ஒன்று வந்தது. அதைத் தாண்டினால் கண்மாய் வளைவு. எனக்குத் தெரியும். ‘அண்ணே, மெதுவா, அங்கே செடி கிடக்கு’ என்று சொல்லவேண்டும். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் சொன்னால், ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று பின்னாலிருந்து அப்பா கேட்பார். ராத்திரி முழுக்கச் செடியை ரோட்டில் போட்டுவிட்டு வந்தவன் என்று, பழக்கமில்லாத மனிதர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். பகலில் எத்தனை பஸ் ஏறிப் போகிறது, இந்தக் கார் போகாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதெல்லாம் மனதில் ஓடியது பாலத்திலிருந்து வளைவு வரைக்கும்தான்.

காய்ந்த செடிமேல் வண்டி ஏறுவது வேறு. பனியில் ஊறிய செடியும், அதற்கடியில் தார்மேல் உருளுகிற கொள்ளும் வேறு. அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் தெரிந்தது என் கற்கள்தான். டிரைவர், “ராமா!” என்று பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றுவிட்டது. கார் நிற்கவில்லை. எண்ணெய் கொட்டிய தரையில் போகிற மாதிரி, சத்தமே இல்லாமல், பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கை அவர் எந்தப் பக்கம் திருப்பியும் அது கேட்கவில்லை. பாதி சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முன்னதாகக் கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கியது. தை மாதக் கண்மாய், ததும்பத் தண்ணீர். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஏதோ இடித்தது. நின்றுவிட்டது.

ஒரு கருவேல மரம். கரைச் சரிவில் அந்த இடத்தில் இருந்ததே அந்த ஒரு மரம்தான். அதற்குக் கீழே நாலு முழத்தில் தண்ணீர்.

அம்மாவின் குரல் கேட்டது. “தலைய நான் விடல. நான் விடல.” திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் அப்பாவின் தலையைக் கட்டிப்பிடித்து, அதன்மேல் குனிந்து கிடந்தாள். அவள் முழங்கை கதவில் அடிபட்டு அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

“என்னலே ஆச்சு?” என்றார் அப்பா.

“வழுக்கிருச்சுப்பா.”

அப்பா மூக்கை இழுத்து மோந்து பார்த்தார். “கொள்ளுச்செடி வாடையில்லா அடிக்கு. ராத்திரி பூராவும் ரோட்டுல போட்டு வச்சிருக்கான். எந்த மூதேவிலே அது?”

நான் கதவைத் திறக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

டிரைவர், “இருபது வருஷமா ஓட்டுறேன்… இருபது வருஷமா ஓட்டுறேன்…” என்று அதையே சொன்னார். கரையில் ஏறி, அந்தக் கற்களைப் பார்த்துவிட்டு வந்து, “கல்லு வேற வச்சிருக்கான் பாருங்க, படுபாவி. அவன் நல்லா இருப்பானா?” என்று என்னைக் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

செத்த நேரத்தில் முதல் பஸ் வந்தது. எங்கள் டிரைவர் நடு ரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி ஓடி வந்தார்கள். கண்ணில் கட்டோடு ஒரு மனிதர் என்றதும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருவர் தோளில் கிடந்த துப்பட்டியை விரித்தார். ஆறு பேர் அதைத் தொட்டில்போலப் பிடித்து, அப்பாவை அலுங்காமல் கரையேற்றினார்கள். அம்மா தலையைப் பிடித்தபடியே கூட ஏறினாள். கண்டக்டர் பஸ்ஸின் கடைசி நீள சீட்டைக் காலி செய்யச் சொன்னார். பிறகு யாரோ, பின்னால்தான் தூக்கிப் போடும் என்றதும், நடுவில் இரண்டு சீட்டுக்கு இடையே பெட்டிகளை அடுக்கி, சாக்கை மடித்துப் போட்டுப் படுக்கை ஆக்கிவிட்டார். பஸ் டிரைவர் ராஜபாளையம் வரை மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினார். பள்ளம் வந்தால் முன்னாலிருந்து ஒருவர், “வருது, பள்ளம் வருது” என்று குரல் கொடுப்பார். அம்மா தலையை இன்னும் இறுக்கிக்கொள்வாள். மில்லுக்குப் போகிற பெண்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். ஷிப்டுக்கு நேரம் தவறிவிட்டது. ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை.

அவர்கள் முணுமுணுத்ததெல்லாம் என்னைப் பற்றித்தான்.

“செடியப் போட்டவன் கையில கெடச்சான்னா அவனையே ரோட்டுல விரிச்சுப் போட்டு பஸ்ஸ ஏத்தணும்” என்றாள் ஒருத்தி.

“நாலு தடவ ஏத்தணும்ட்டி. அப்பத்தான் நல்லா உதிரும்” என்றாள் இன்னொருத்தி.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் என் பக்கம் திரும்பி, “உங்க ஊர்க்காரன் எவனாவதாத்தான் இருக்கும். யாருன்னு தெரியுமா?” என்றார். “விசாரிக்கணும்” என்றேன். சட்டைப் பையில் கையை விட்டேன். உள்ளே நாலைந்து கொள்ளு கிடந்தது. செடி புரட்டும்போது விழுந்தது, அந்தச் சட்டையைத்தான் மறுபடியும் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கையை வெளியே எடுக்கவே பயமாக இருந்தது.

ராஜபாளையத்தில் வேறு கார் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது பத்து மணிக்கு மேல். டாக்டர் கட்டைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். தையல் விடவில்லை. ஆனால் உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. மறுபடி கட்டுப் போட்டார். படுக்க வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்.

“இப்படியே அசையாம இருக்கட்டும். கசிஞ்ச ரத்தம் தானா வத்திட்டா பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. மறுபடி கசிஞ்சா கஷ்டம். நாளைக்குப் பாத்துத்தான் சொல்லணும்” என்றார்.

அந்தப் பகல் எப்படிப் போனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அம்மா முழங்கைக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளப் போனாள். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கோபத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டால், கண் போய்விடுமே என்று வாயை மூடிக்கொள்வேன். அது உண்மையான பயமா, வழக்கமான கூச்சமா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாதிக்குப் பாதி இருக்கும்.

அப்பா தூங்குகிறார் என்று நினைத்தேன். திடீரென்று பேசினார்.

“ஏலே, இருக்கியா?”

“இருக்கேன்ப்பா.”

“கண்ணு போனாலும் போவுது. இம்புட்டு வருஷம் பாத்தாச்சு. ஆனா அந்தக் கல்ல வச்சுட்டுப் போனானே, அவன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துரணும்லே. அதுக்காவது இந்தக் கண்ணு வரணும்.”

என்ன தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ஒருவேளை அவர் கண்ணைக் கட்டியிருந்ததால்தான் வந்ததோ என்னவோ. “அது நான்தாம்ப்பா” என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வண்டி குறைந்தது, பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்காதது, பனியில் நனைந்ததைப் பார்த்தும் போய்ப் படுத்தது, பாலத்தைத் தாண்டும்போது நாக்கு நுனி வரை வந்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அப்பா அசையவில்லை. அசையக் கூடாது என்பதாலா, கோபமா என்று தெரியவில்லை. முகத்தில் பாதி கட்டு.

“எந்தச் செடி? மேற்கே உள்ளதா?” என்றார் கடைசியில்.

“ஆமாப்பா.”

“எத்தன தடவ புரட்டுன?”

“மூணு தடவ.”

“பத்தாது.” கொஞ்சம் பொறுத்து, “அதுல எங்க வச்ச கல்லு? வளைவுலயா? வளைவுல எவனாவது வைப்பானாலே?” என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “மூதேவின்னு வேற சொல்லிட்டேன். பஸ்ல அந்தப் பிள்ளைக உன்னய விரிச்சுப் போட்டு ஏத்தணும்னுச்சே, அப்ப நீ என்ன செஞ்ச?” என்று கேட்டார்.

“சிரிச்சேன்ப்பா. எல்லாரும் சிரிச்சாங்க.”

அவ்வளவுதான். அப்பாவின் வயிறு மட்டும் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே வரவில்லை. சிரிக்கிறார் என்று புரிந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. “அப்பா, சிரிக்காதிய, கண்ணு!” என்று பாய்ந்து இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன், காலையில் அம்மா பிடித்த மாதிரியே. அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். “ஏலே, அவியகிட்ட என்னத்தலே சொன்ன? இப்பவா வெளையாடுவ?” என்று அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார். அம்மாவிடமும் சொன்னேன். அவள் திட்டியதை இங்கே எழுதப் போவதில்லை. திட்டி முடித்த பிறகு, “சாப்டியாலே?” என்று கேட்டாள். காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை.

சாயங்காலம் டிரைவர் வந்தார். காரை டிராக்டர் வைத்து மேலே இழுத்துவிட்டு, பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க அவ்வளவு தூரம் வந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போய் அவரிடமும் சொன்னேன். முதலாளியிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவர் டீயைக் கீழே வைத்தார். செடியைப் போட்டதற்குக்கூட அவருக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

“அவன் நல்லா இருப்பானான்னு உங்ககிட்டத்தானே கேட்டேன்? இல்லைன்னு தலையாட்டுனீங்களேய்யா!” என்றார்.

அந்தத் தலையாட்டலை அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு அவர்தான் கார் ஓட்டினார். கண்மாய் வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்து, பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்த என் மனைவிக்குக் கேட்கும்படி, “மாப்பிள்ளை, ரோடு காலிதானா?” என்று கேட்டார். காலிதான் என்று சத்தமாகச் சொன்னேன். அவளுக்கு முழுக் கதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த பஸ்ஸில் வந்தவர்களிடம் மட்டும் நான் கடைசிவரை சொல்லவே இல்லை. துப்பட்டியை விரித்தவர் யார், பள்ளம் வருது என்று குரல் கொடுத்தவர் யார், எதுவும் தெரியாது. அவர்களில் யாராவது இதைப் படித்தால், அன்று நீங்கள் திட்டியது என்னைத்தான், நீங்கள் தூக்கியது என் அப்பாவை. இரண்டுக்கும் நான் உங்களுக்குக் கடமைப்பட்டவன். இன்றைக்கும் நான் கூச்சக்காரன்தான். கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்க வாய் வராது. ஆனால் எந்த வண்டியில் ஏறினாலும், ரோட்டில் ஒரு துரும்பு கிடந்தால்கூட முதலில் கத்துகிறவன் நானாகத்தான் இருக்கிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் வழுக்கிக்கொண்டு போகும் என்று பார்த்தவனுக்கு அந்தக் கேலி ஒன்றும் பெரிதில்லை.

அப்பாவின் கண் என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. விபத்துக்கு மறுநாள் புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு டாக்டர் கட்டைப் பிரித்தார். எத்தனை விரல் என்று கேட்டார். அப்பா மூன்று என்றார், மூன்றுதான். பிறகு தலையைத் திருப்பாமல், “கல்லு வச்சவன் எங்கலே?” என்று என்னைக் கட்டிலுக்கு நேரே வந்து நிற்கச் சொன்னார். வந்து நின்றேன்.